பாசிப் பொடியும் சிவப்பு மருந்தும்: ஒரு மகளின் கடிதத்துக்குப் பதில்

கேள்வி:

"டாக்டர் அம்மாவுக்கு வணக்கம். மண்டபத்துக்குக் கொஞ்சம் மேற்கே கடற்கரைக் கிராமம் எங்களுடையது. நான் கல்லூரியில் உயிர்வேதியியல் இரண்டாம் ஆண்டு படிக்கிறேன். அம்மா சின்ன வயதிலிருந்தே கடலுக்குப் பாசி எடுக்கப் போகிறவர். இடது மார்பில் கட்டி வந்து மதுரையில் ஆபரேஷன் செய்தார்கள். அக்குளில் எடுத்த நெறிகட்டிகளிலும் நோய் இருந்ததாம். இப்போது கீமோ நடக்கிறது. சிவப்பாக ஒரு மருந்து ஏற்றுகிறார்கள். இரண்டு தவணை முடிந்தது. முடி கொட்டி, வாந்தி எடுத்து, அம்மா பாதியாகிவிட்டார். மூன்றாவதுக்கு வரமாட்டேன் என்கிறார்.

இதற்கிடையில் மாமா ஒரு செய்தி அனுப்பினார். நம் கடல் பாசியிலிருந்து எடுத்த சாறு 48 மணி நேரத்தில் மார்பகப் புற்றுநோய் செல்களை அழித்துவிட்டது என்று ஒரு ஆராய்ச்சி. கூடவே பாசிப் பொடி விற்கும் ஒருவருடைய நம்பர். மாதத்துக்கு 4,500 ரூபாய். 'நான் பிடுங்கின பாசியே என்னைக் காப்பாத்தும்'னு அம்மா சொல்கிறார். இந்த ஆராய்ச்சி உண்மையா? கீமோவை நிறுத்திவிட்டு இதைக் கொடுக்கலாமா, இல்லை சேர்த்தாவது கொடுக்கலாமா? உண்மை என்றால் டாக்டர்கள் ஏன் இதைத் தருவதில்லை? இந்த மாதிரி ஆராய்ச்சியைப் படித்து நானே புரிந்துகொள்ள எங்கே தொடங்க வேண்டும்?"

பதில்:

அன்புள்ள தங்கைக்கு,

அம்மாவை மூன்றாவது தவணைக்குத் தேதி தவறாமல் கூட்டிக்கொண்டு போங்கள். பொடியைத் தனியாகவும் கொடுக்க வேண்டாம், சேர்த்தும் கொடுக்க வேண்டாம். காரணங்களை விரிவாகவே எழுதுகிறேன். ஆனால் நீங்கள் முதலில் செய்ய வேண்டியது இதுதான்.

நான் புற்றுநோய் மருத்துவர் இல்லை. மருத்துவக் கல்லூரியில் உயிர்வேதியியல் சொல்லிக்கொடுக்கும் மருத்துவர். அதற்கு முன்னால் செல் வளர்க்கும் ஆய்வகத்தில் பல வருஷம் வேலை பார்த்தவள். கீழக்கரையில் வளர்ந்தவள் என்பதால் மரிக்கொழுந்துப் பாசியும் கஞ்சிப்பாசியும் கட்டக்கோரையும் எனக்கும் பழக்கம்தான். அம்மாவின் சிகிச்சையில் முடிவு சொல்ல வேண்டியவர் மதுரையில் அவரைப் பார்க்கிற டாக்டர். அந்த ஆராய்ச்சியில் என்ன நடந்திருக்கும் என்பதை மட்டும் என்னால் பக்கத்திலிருந்து காட்ட முடியும்.

மாமா அனுப்பிய செய்தி பொய்யாக இருக்க வேண்டிய அவசியமில்லை. பாசிச் சாறு புற்றுநோய் செல்லைக் கொன்றது என்று சொல்லும் கட்டுரைகள் உலகம் முழுக்க நிறைய வந்திருக்கின்றன, நம் நாட்டிலிருந்தும் வந்திருக்கின்றன. எழுதியவர்கள் பெரும்பாலும் நேர்மையான ஆராய்ச்சியாளர்கள். அவர்கள் செய்தது இவ்வளவுதான். உள்ளங்கை அளவில் ஒரு பிளாஸ்டிக் தட்டு, அதில் 96 குழிகள். ஒவ்வொரு குழியிலும் சில ஆயிரம் செல்களைப் போட்டு, சர்க்கரையும் அமினோ அமிலமும் கன்றின் சீரமும் கலந்த திரவத்தில் 37 டிகிரியில் வைப்பார்கள். செல்கள் அடியில் ஒட்டிக்கொண்டதும் சில குழிகளில் பாசிச் சாற்றை விடுவார்கள், சிலவற்றில் விடமாட்டார்கள். 24 அல்லது 48 மணி நேரம் கழித்து மஞ்சள் நிறச் சாயம் ஒன்றைச் சேர்ப்பார்கள். அதன் பெயர் எம்.டி.டி. உயிரோடு இருக்கும் செல் இந்தச் சாயத்தை ஊதாப் படிகமாக மாற்றும். மைட்டோகாண்ட்ரியாவில் இருக்கிற நொதிகளுக்கு இதில் பெரிய பங்கு உண்டு. ஊதா அடர்த்தியாக இருந்தால் செல் நன்றாக இருக்கிறது, வெளிறிப்போனால் செல் செத்திருக்கலாம். கருவியில் வைத்து நிறத்தை அளந்து சதவீதமாக எழுதுவார்கள். செய்தியில் வருகிற "அழித்துவிட்டது" பெரும்பாலும் இந்த ஊதா நிறம் குறைந்ததைத்தான் சொல்கிறது.

"இருக்கலாம்" என்று நான் எழுதியதைக் கவனியுங்கள். அந்தச் சாயம் அளப்பது செல்லின் வளர்சிதை மாற்றத்தை. செல் சாகாமல் சோர்ந்து கிடந்தாலும் ஊதா குறையும். அதோடு, தாவரச் சாறும் பாசிச் சாறும் தாமாகவே நிறம் உள்ளவை. சில சாறுகள் செல்லே இல்லாத குழியிலும் மஞ்சளை ஊதாவாக்கும். அதனால் நல்ல ஆய்வகத்தில் இதை மட்டும் வைத்து முடிவு கட்ட மாட்டார்கள். வேறு இரண்டு மூன்று வழிகளிலும் சரிபார்ப்பார்கள்.

அடுத்து, தட்டில் இருப்பது யாருடைய செல்? மார்பகப் புற்றுநோய் ஆராய்ச்சியில் மிக அதிகமாகப் பயன்படுவது எம்.சி.எஃப்-7 என்ற செல் வரிசை. அமெரிக்காவில் டெட்ராய்ட் நகரில் நோய் முற்றியிருந்த 69 வயது கன்னியாஸ்திரீ ஒருவரின் நுரையீரலைச் சுற்றிச் சேர்ந்த நீரிலிருந்து 1970ல் எடுத்தவை. 1973ல் அது கட்டுரையாக வந்தது. அந்த அம்மாள் 1970லேயே போய்விட்டார். அவருடைய செல்கள் ஐம்பது வருஷத்துக்கு மேலாக உலகம் முழுக்க ஆய்வகங்களில் பெருகிக்கொண்டே இருக்கின்றன. ஈஸ்ட்ரோஜென் ஹார்மோனுக்கு மார்பகக் கட்டி எப்படிப் பதில் சொல்கிறது என்பதில் நமக்குத் தெரிந்த எவ்வளவோ விஷயம் இந்தச் செல்களிடமிருந்து வந்ததுதான். ஆனால் ஐம்பது வருஷம் பிளாஸ்டிக்கில் வளர்ந்த செல்லும் உங்கள் அம்மாவின் உடம்பில் வந்த கட்டியும் ஒன்றல்ல. கட்டிக்கு இரத்தக் குழாய் உண்டு, சுற்றிலும் நார்த் திசு உண்டு, நோய் எதிர்ப்புச் செல்கள் உண்டு. கட்டிக்கு உள்ளேயே ஒரு செல் மாதிரி இன்னொரு செல் இருக்காது. தட்டில் இதெல்லாம் எதுவுமே கிடையாது. கரையில் துள்ளிக்கொண்டிருக்கும் மீனைக் கையால் எடுப்பதற்கும் ஆழக்கடலில் ஓடும் மீனைக் கையால் பிடிப்பதற்கும் எவ்வளவு தூரமோ, தட்டுக்கும் உடம்புக்கும் நடுவே அவ்வளவு தூரம் இருக்கிறது.

தட்டில் இருக்கும் செல்லைக் கொல்வது ரொம்பச் சுலபம். உங்கள் ஊர்க் கடல்தண்ணீரையே அதில் ஊற்றினால் போதும். நம் உடம்புத் திரவத்தில் லிட்டருக்கு ஒன்பது கிராம் அளவில் உப்பு. கடலில் சுமார் 35 கிராம். அந்த உப்பு செல்லுக்குள் இருக்கும் தண்ணீரை வெளியே இழுத்து அதைச் சுருக்கிக் கொன்றுவிடும். இதை வைத்து யாராவது "கடல்தண்ணீர் புற்றுநோயை அழிக்கும்" என்று கட்டுரை எழுதினால் அதில் எழுத்தளவில் பொய் இருக்காது. எனவே கேட்க வேண்டிய கேள்வி வேறு. புற்றுநோய் செல்லைக் கொன்ற அதே அளவு, நல்ல செல்லை விட்டுவைத்ததா? அந்த அளவு மனித உடம்புக்குள் போய்ச் சேருமா?

அளவுக் கணக்கைப் போட்டுப் பார்ப்போம், நீங்கள் படிக்கிற பாடம்தான். பாசிச் சாறு பற்றிய கட்டுரைகளில் ஒரு மில்லிலிட்டருக்கு 100 மைக்ரோகிராம் என்ற அளவு சாதாரணமாக வரும். ஐம்பது கிலோ எடையுள்ள ஒரு பெண்ணின் உடம்பில் தண்ணீர் சுமார் 25 லிட்டர். அது முழுக்க அந்தச் செறிவு வர 2.5 கிராம் சாறு வேண்டும். அதுவும் பிரித்தெடுத்த சாறு, பொடி இல்லை. குடலில் ஒரு துளி வீணாகாமல் உறிஞ்சப்பட வேண்டும். கல்லீரல் அதைத் தொடக்கூடாது, சிறுநீரகம் வெளியேற்றக்கூடாது. இரண்டு நாள் அப்படியே இருக்க வேண்டும். உடம்பில் எந்தப் பொருளுக்கும் இப்படி நடக்காது.

பாசியில் பெரிதாகப் பேசப்படும் பொருள், கட்டக்கோரை மாதிரியான பழுப்புப் பாசிகளில் இருக்கும் ஃபியூகாய்டான். சல்ஃபேட் ஒட்டிய நீளமான சர்க்கரைச் சங்கிலி அது. இவ்வளவு பெரிய மூலக்கூறு குடல் சுவரைத் தாண்டி இரத்தத்துக்குப் போவது மிக மிகக் குறைவு. அதை உடைக்கும் நொதி நம்மிடம் கிடையாது. இந்த இடத்தில் எனக்கு ரொம்பப் பிடித்த ஆராய்ச்சி ஒன்றைச் சொல்லியாக வேண்டும். ஜப்பானியர்கள் சோற்றைச் சுற்றிச் சாப்பிடும் நோரி என்ற சிவப்புப் பாசியில் போர்ஃபைரான் என்ற சர்க்கரைச் சங்கிலி உண்டு. அதை வெட்டும் நொதியின் மரபணு ஜப்பானியர்களின் குடல் பாக்டீரியாவில் இருப்பதை 2010ல் பிரான்ஸ் நாட்டு விஞ்ஞானிகள் காட்டினார்கள். ஒப்பிட்டுப் பார்த்த வட அமெரிக்கர்களின் குடலில் அது இல்லை. சமைக்காத பாசியோடு வயிற்றுக்குள் போன கடல் பாக்டீரியாவிடமிருந்து குடல் பாக்டீரியா அந்த மரபணுவை வாங்கிக்கொண்டிருக்கிறது. பாசியைச் செரிக்கிற வேலையையே வேறொரு உயிரிடமிருந்து இரவல் வாங்க வேண்டியிருக்கிறது என்றால், பொடியைத் தண்ணீரில் கலக்கிக் குடித்தால் மார்புக் கட்டிக்குப் போய்ச் சேரும் என்று எதை வைத்து நம்புவது?

மஞ்சளுக்கும் இதே கதைதான். மஞ்சளில் இருக்கும் குர்க்குமின் தட்டில் கிட்டத்தட்ட எல்லா வகைச் செல்லையும் கொன்று காட்டியிருக்கிறது. 120க்கும் மேற்பட்ட மனிதச் சோதனைகளுக்குப் பிறகும், யாருக்கு மருந்து யாருக்கு வெறும் மாத்திரை என்று இரு தரப்புக்கும் தெரியாமல் நடத்திய முறையான சோதனை ஒன்றிலும் அது வெற்றி பெறவில்லை என்று 2017ல் வந்த ஒரு மதிப்பாய்வு சொல்கிறது. தட்டில் ஜெயித்ததாலேயே ஒன்று மருந்தாகிவிடாது. தட்டைத் தாண்டி, எலியைத் தாண்டி, மனிதர்களிடம் முதல் கட்டச் சோதனைக்கு வருகிற புற்றுநோய் மருந்துகளிலேயே இருபதில் ஒன்று அளவுக்குத்தான் கடைசியில் அனுமதி கிடைக்கிறது.

சரி, உண்மை என்றால் டாக்டர்கள் ஏன் தருவதில்லை என்று கேட்டீர்கள். உண்மை என்று நிரூபணமானதைத் தருகிறார்கள். கடலிலிருந்து வந்ததையும் தருகிறார்கள். இரத்தப் புற்றுநோய்க்கு நம் அரசு மருத்துவமனைகளிலேயே கொடுக்கிற சைட்டரபின் என்ற மருந்துக்கு அடிப்படை, 1950களில் கரீபியன் கடலின் பஞ்சுயிரி (ஸ்பாஞ்ச்) ஒன்றில் கிடைத்த பொருள். மார்பகப் புற்றுநோய்க்கே ஒரு கடல் மருந்து இருக்கிறது. 1986ல் ஜப்பானிய விஞ்ஞானிகள் ஹாலிகாண்ட்ரியா என்ற பஞ்சுயிரியில் 600 கிலோ எடுத்து அலசியதில் ஹாலிகாண்ட்ரின்-பி என்ற பொருள் 12.5 மில்லிகிராம் கிடைத்தது. ஒரு சிட்டிகை உப்புகூட அதைவிட எடை கூட. செல் இரண்டாகப் பிரியும்போது குரோமோசோம்களைப் பிரித்து இழுக்கும் நுண்குழாய்களின் நுனியில் போய் உட்கார்ந்துகொண்டு, குழாயை வளரவிடாமல் செய்கிற மூலக்கூறு அது. இந்த அளவை வைத்து யாருக்கும் வைத்தியம் பார்க்க முடியாது. ஆய்வகத்தில் அதை முழுக்கச் செயற்கையாகக் கட்டியெழுப்பும் வழி 1992ல் வந்தது. அப்புறம் மூலக்கூறில் வேலை செய்கிற பாதியை மட்டும் வைத்துக்கொண்டு எரிபுலின் என்ற மருந்தைச் செய்தார்கள். உடம்பெல்லாம் நோய் பரவி, மற்ற மருந்துகள் கைவிட்டுவிட்ட 762 பெண்களிடம் அதைச் சோதித்தார்கள். வேறு சிகிச்சை பெற்றவர்களில் பாதிப் பேர் 10.6 மாதத்துக்கு மேல் உயிரோடு இருந்தார்கள். எரிபுலின் பெற்றவர்களில் பாதிப் பேர் 13.1 மாதத்துக்கு மேல். அமெரிக்காவில் 2010 நவம்பரில் அனுமதி கிடைத்தது. பஞ்சுயிரியைப் பிழிந்ததிலிருந்து 24 வருஷம்.

அந்த மாதக் கணக்கைப் பார்த்துப் பயப்படாதீர்கள். அது உங்கள் அம்மாவின் நிலையில் இருப்பவர்களுடைய கணக்கே இல்லை. ஒரு கடல் மருந்து உண்மையில் வேலை செய்கிறது என்று சொல்ல எவ்வளவு உழைப்பும் எத்தனை பெண்களின் ஒத்துழைப்பும் தேவைப்பட்டது என்பதற்காகச் சொன்னேன். பொடி விற்பவர் அந்த 24 வருஷத்தை ஒரு நாளில் தாண்டிவிட்டதாகச் சொல்கிறார்.

இப்போது அந்தச் சிவப்பு மருந்து. நீங்கள் எழுதியதை வைத்துப் பார்த்தால் அது டாக்சோரூபிசினாக இருக்க வேண்டும். டிஸ்சார்ஜ் சீட்டில் பெயர் இருக்கும், பாருங்கள். ஏற்றிய பிறகு ஓரிரு நாள் சிறுநீர் சிவப்பாகப் போகும். அது இரத்தம் இல்லை, மருந்தின் நிறம். கெமிக்கல் உடம்பைக் கெடுக்கிறது, பாசி இயற்கை என்று வீட்டில் பேசியிருப்பார்கள். டாக்சோரூபிசினும் இயற்கையில் வந்ததுதான். இத்தாலியில் ஒரு பழைய கோட்டைப் பக்கம் எடுத்த மண்ணில் இருந்த ஸ்ட்ரெப்டோமைசிஸ் என்ற நுண்ணுயிரி செய்யும் பொருள். டி.என்.ஏ. ஏணியின் படிகளுக்கு நடுவே அது நுழைந்துகொள்ளும். செல் பிரியும்போது சிக்கெடுப்பதற்காக டி.என்.ஏ.வை வெட்டி ஒட்டும் நொதி ஒன்று உண்டு. வெட்டியதை ஒட்டவிடாமல் இந்த மருந்து பிடித்துக்கொள்ளும். வேகமாகப் பிரிகிற செல்லுக்குத்தான் அதனால் பெரிய அடி. முடியின் வேர், வாய்க்குழிச் சவ்வு, எலும்பு மஜ்ஜை இவையும் வேகமாகப் பிரிகிறவை. அதனால்தான் முடி கொட்டுகிறது, வாய் புண்ணாகிறது. சிகிச்சை முடிந்ததும் முடி திரும்ப வளரும். அம்மாவிடம் இதைத் திரும்பத் திரும்பச் சொல்லுங்கள்.

கண்ணுக்குத் தெரிந்த கட்டியை ஆபரேஷனில் எடுத்துவிட்டார்கள். அக்குள் வரை வந்தது, கண்ணுக்குத் தெரியாமல் வேறு எங்காவது சில செல்களாகத் தங்கியிருக்கலாம். அவற்றைத் தேடிப்பிடிக்கத்தான் கீமோ. அம்மா இப்போது இருக்கிற கட்டத்தில் சிகிச்சையின் நோக்கம் நோயை முழுக்கக் குணமாக்குவது. பாதியில் விட்டால் அந்த வாய்ப்பு கைநழுவும். அமெரிக்காவில் யேல் பல்கலைக்கழகத்தினர் 2018ல் வெளியிட்ட ஆய்வு ஒன்று உண்டு. நோய் இன்னும் தூரத்துக்குப் பரவாத நிலையில், மருத்துவமனைச் சிகிச்சையை விட்டு மாற்று வைத்தியத்தை மட்டும் எடுத்துக்கொண்டவர்களைப் பார்த்தார்கள். மார்பகப் புற்றுநோயில் அவர்கள் இறக்கும் ஆபத்து, வழக்கமான சிகிச்சை பெற்றவர்களைவிட ஐந்தரை மடங்குக்கும் மேல் இருந்தது. இவ்வளவு நேராக எழுதுவதற்கு என்னை மன்னிக்க வேண்டும். ஆனால் இதை மறைத்து எழுத எனக்கு மனசு வரவில்லை.

சேர்த்தாவது கொடுக்கலாமா என்ற கேள்விக்கும் பதில் வேண்டாம் என்பதுதான். ஃபியூகாய்டானுக்கு ஹெப்பாரின் மருந்து மாதிரி இரத்தம் உறைவதைத் தடுக்கிற குணம் உண்டு. கீமோவில், இரத்தம் உறைய உதவும் பிளேட்லெட் ஏற்கெனவே குறையும். இரண்டும் சேர்ந்தால் இரத்தக் கசிவுக்கு வழி. பழுப்புப் பாசிகளில் அயோடின் மிக அதிகம். ஒரு நாளைக்கு நமக்கு வேண்டியது 150 மைக்ரோகிராம். பொடியாகத் தினமும் சாப்பிட்டால் அதைப் பல மடங்கு தாண்டி தைராய்டைக் கெடுக்கலாம். கட்டக்கோரையின் இனத்தைச் சேர்ந்ததுதான் ஜப்பானின் ஹிஜிகி பாசி. அதில் ஆர்செனிக் அதிகம் என்று பிரிட்டன் உணவுத் துறை 2004லேயே அதைச் சாப்பிட வேண்டாம் என்றது. உங்கள் மாமா சொன்ன பொடியில் எந்தப் பாசி, எந்தக் கடலில் எடுத்தது, என்ன கலந்தது என்பது விற்பவருக்காவது தெரியுமா? ஆக்சிஜனேற்றத்தைத் தடுக்கும் சத்து மாத்திரைகளைக் கீமோவோடு சேர்த்து எடுத்த மார்பகப் புற்றுநோயாளிகளுக்கு நோய் திரும்புவது கூடுதலாகத் தெரிகிறது என்று 2020ல் ஒரு அமெரிக்க ஆய்வும் வந்தது. அது முடிந்த முடிவு இல்லை. ஆனாலும் "நல்லதுதானே, சேர்த்துக் கொடுத்தால் என்ன" என்று சொல்ல முடியாது என்பதற்கு அது போதும்.

சாப்பாடாக வருகிற பாசி வேறு விஷயம். எங்கள் ஊரில் நோன்புக் காலத்தில் பாலும் சர்க்கரையும் சேர்த்துக் காய்ச்சித் துண்டு போடுகிற கடல்பாசி, சுத்தமாகச் செய்து கொடுத்தால் அம்மா தாராளமாகச் சாப்பிடலாம். வாய்ப்புண்ணுக்கு அது இதமாகவும் இருக்கும்.

அம்மா வரமாட்டேன் என்பதற்கு உண்மையான காரணம் வாந்தி என்றே நினைக்கிறேன். அதைப் பொறுத்துக்கொள்ள வேண்டிய அவசியமே இல்லை. "மூன்று நாள் வாந்தி நிற்கவில்லை" என்று டாக்டரிடம் வாய்விட்டுச் சொல்லுங்கள். நம் அம்மாக்கள் அங்கே போனதும் "ஒண்ணுமில்ல, நல்லாத்தான் இருக்கேன்" என்று சொல்லிவிடுவார்கள். எந்த நாள் எத்தனை முறை என்று நீங்கள் ஒரு தாளில் எழுதிக்கொண்டு போங்கள். மருந்தை மாற்றலாம், கூட்டலாம். ஓலான்சபின் என்ற மாத்திரை கீமோ வாந்திக்கு நன்றாகக் கேட்கிறது. ஆனால் பகலெல்லாம் தூக்கம் வரும். மும்பை டாடா மெமோரியல் மருத்துவமனையில் செய்து 2024ல் வெளிவந்த ஆய்வில், வழக்கமான 10 மில்லிகிராமுக்குப் பதில் 2.5 மில்லிகிராமே வாந்தியைக் கிட்டத்தட்ட அதே அளவுக்குத் தடுத்தது, தூக்கமும் குறைந்தது. அந்தச் சோதனையில் இருந்தவர்களில் பெரும்பாலானவர்கள் மார்பகப் புற்றுநோய் வந்த பெண்கள்தான். அம்மாவுக்கு அது சரிப்படுமா என்று கேளுங்கள். நீங்களாக வாங்கிக் கொடுக்க வேண்டாம்.

இன்னும் சில விஷயங்கள். ஒரு தெர்மாமீட்டர் வாங்கி வையுங்கள். 100.4 டிகிரி ஃபாரன்ஹீட்டைத் தொட்டால் காலை வரை காத்திருக்கக் கூடாது. கீமோ முடிந்து இரண்டாவது வாரத்தில் வெள்ளை அணுக்கள் ரொம்பக் குறைந்திருக்கும். அப்போது வரும் காய்ச்சல் சில மணி நேரத்தில் ஆபத்தாகிவிடும். பாரசிட்டமால் கொடுத்து அடக்காமல், ராமநாதபுரம் அரசு மருத்துவக் கல்லூரி மருத்துவமனைக்கு ராத்திரியானாலும் போங்கள். "கீமோ நடக்கிறது" என்று நுழைந்ததும் சொல்லுங்கள்.

சிகிச்சை முடியும்வரை அம்மா கடலில் இறங்கக் கூடாது. வீட்டில் பணம் வராது என்பது தெரிந்தேதான் சொல்கிறேன். விரலில் துணி சுற்றிக்கொண்டு போனாலும் பாரில் (கடலடிப் பாறையில்) கை கிழியாமல் பாசி எடுத்தவர் யாரும் இல்லை. நம் கடல் மாதிரி வெதுவெதுப்பான உப்புத் தண்ணீரில் விப்ரியோ வகைப் பாக்டீரியாக்கள் இருக்கும். சாதாரண நாளில் அந்தக் கீறல் தானாக ஆறிவிடும். வெள்ளை அணு குறைந்த நாளில் அதே கீறல் வழியாகக் கிருமி இரத்தத்தில் இறங்கிவிடலாம். நெறிகட்டி எடுத்த பக்கத்துக் கை வேறு. அதில் சின்னப் புண்ணும் வீக்கத்தைக் கொண்டுவரும்.

மீனும் முட்டையும் கொடுக்கக் கூடாது என்று யாராவது பத்தியம் சொல்லியிருந்தால் கேட்க வேண்டாம். நன்றாக வேகவைத்த மீன், அவித்த முட்டை, பருப்பு எல்லாம் வேண்டும். குறைந்துபோன வெள்ளை அணுவை மஜ்ஜை திரும்பச் செய்வதற்குப் புரதம் தேவை. பொடிக்கு எடுத்து வைத்த பணத்தை இதற்கும் மதுரைக்குப் போய்வரும் செலவுக்கும் வைத்துக்கொள்ளுங்கள். முதலமைச்சர் காப்பீட்டு அட்டை நடப்பில் இருக்கிறதா என்றும் பார்த்துவிடுங்கள்.

அம்மா சொன்ன அந்த வார்த்தைக்கும் ஒரு பதில் இருக்கிறது. அவர் எடுத்த மரிக்கொழுந்து அகர் ஆலைக்குப் போய் அகராகிறது. 1881ல் ஜெர்மனியில் ஃபேனி ஹெஸ்ஸே என்ற பெண், சமையலறையில் தான் ஜாமுக்குப் போடும் அகரைக் கிருமி வளர்க்கப் பயன்படுத்தலாமே என்று தன் கணவருக்கு யோசனை சொன்னார். அன்றிலிருந்து உலகத்தில் எந்தக் கிருமி ஆய்வகமும் அகர் இல்லாமல் இல்லை. புற்றுநோய் ஆராய்ச்சியிலும் மென்மையான அகருக்குள் செல்லைப் புதைத்துப் பார்க்கும் சோதனை ஒன்று உண்டு. நல்ல செல்லுக்குப் பிடித்துக்கொள்ள ஒரு தளம் வேண்டும், அகரில் மிதக்கவிட்டால் வளராது. புற்றுநோய் செல் பிடிமானமே இல்லாமல் அதற்குள் கூட்டம் கூட்டமாக வளரும். ஒரு மருந்து அந்த வளர்ச்சியை நிறுத்துகிறதா என்று பார்ப்பார்கள். அம்மா மாதிரிப் பெண்கள் பாரில் கை கிழியப் பிடுங்குகிற பாசி, புற்றுநோய் மருந்து தேடுகிற வேலையில் இப்படிக் கூடவே இருக்கிறது. குடிக்கிற பொடியாக இல்லை, அவ்வளவுதான். இதை அம்மாவிடம் நீங்களே உட்கார்ந்து சொல்லுங்கள். நான் எழுதியதைவிட உங்கள் வாயால் கேட்டால் அவருக்கு விளங்கும்.

கடைசியாக, படிப்பது பற்றிக் கேட்டிருந்தீர்கள். மாமா அனுப்பிய செய்திக்குப் பின்னால் இருக்கும் மூலக் கட்டுரையைத் தேடி எடுங்கள். சுருக்கத்தைப் படிக்காதீர்கள், செய்முறைப் பகுதிக்குப் போங்கள். அதில் எந்தச் செல், எந்த அளவு, நல்ல செல்லிலும் சோதித்தார்களா, சாறு மட்டும் இருந்த குழியையும் அளந்தார்களா, எலியிடம் போனார்களா என்று பாருங்கள். புரியாத இடங்களைப் பென்சிலால் கோடு போட்டு உங்கள் துறைப் பேராசிரியரிடம் கொண்டுபோங்கள். அவரும் சொல்ல முடியாத இடம் இருந்தால் அந்தப் பக்கத்தைப் படம் எடுத்து எனக்கு அனுப்புங்கள், சேர்ந்து படிப்போம். கூடவே அம்மாவின் பயாப்சி ரிப்போர்ட்டில் ஈ.ஆர்., பி.ஆர். (இரண்டும் ஹார்மோன் ஏற்பிகள்), ஹெர்-2 (ஒரு புரதம்) என்ற மூன்று வரிகளுக்கு எதிரே என்ன எழுதியிருக்கிறது என்றும் எழுதுங்கள். கீமோ முடிந்த பிறகு அம்மாவுக்கு ஹார்மோன் மாத்திரையா, ஹெர்-2 ஊசியா என்பது அந்த மூன்று வரியைப் பொறுத்தது. அதைப் பற்றி டாக்டரிடம் என்ன கேட்க வேண்டும் என்று தனியாக எழுதுகிறேன்.